ஊசித்தட்டான் வரும் வீடு

மதுக்கரை போகும் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் மனைப்பிரிவு ஒன்றில்தான் எங்கள் வீடு. குடிவந்தபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. வீடு கட்டும்போதே மேஸ்திரி ஒரு விஷயம் சொன்னார். மற்ற மனைகளைவிட எங்கள் மனை அதிகமாக மண் குடிக்கிறதாம். கொட்டிய கிராவல் ஒரு மழைக்கு அரை அடி இறங்கிவிடுகிறது, திரும்பவும் கொட்ட வேண்டியிருக்கிறது என்றார். புது இடம் அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

நான் பம்பு கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வரைபடம் போட்டுக் கொடுக்கிறவள். தண்ணீரை இழுத்து மேலே தள்ளும் சக்கரம், அதைச் சுற்றியிருக்கும் கூடு, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வரைய வேண்டும். கணவர் நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் விற்கிறார். வாரத்தில் நாலு நாள் திருப்பூர், ஈரோடு, பல்லடம் என்று வெளியில்தான் இருப்பார். பகல் முழுக்க வீட்டில் நானும் மகளும் மட்டும்.

முதல் ஐப்பசி மழையிலேயே சமையலறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியது. பின்பக்கம் பொடக்காளியில் துணி துவைப்பதற்கென்று போட்டிருந்த சிமெண்டுத் தரை, மழை விட்டு நாலு நாள் வெயிலடித்த பிறகும் ஒரு மூலையில் மட்டும் கறுத்தே கிடந்தது. அந்த மூலைக்குத்தான் ஊசித்தட்டான்கள் வந்தன.

முதலில் ஒன்றைப் பார்த்தேன். தீக்குச்சியைவிட மெலிந்த மஞ்சள் உடம்பு. பெரிய தட்டான்களைப் போல இறக்கையை விரித்துக்கொண்டு உட்காராமல், முதுகின்மேல் இரண்டையும் சேர்த்து மடித்துக்கொண்டு கொடிக்கயிற்றின் நுனியில் ஒட்டியிருந்தது. மறுநாள் ஐந்தாறு. அதற்கடுத்த நாள் எண்ண முடியவில்லை. உயரப் பறப்பதில்லை, தரையிலிருந்து முழங்கால் அளவுக்குள்ளேயே மிதந்து மிதந்து, ஈரம் கட்டிய அந்த மூலையையே சுற்றின. சில வீட்டுக்குள்ளும் வந்தன. கொசுவலையில் ஒன்று, வெங்காயக் கூடையின் விளிம்பில் ஒன்று, என் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒன்று. சத்தமே கிடையாது. அதுதான் என்னை உறுத்தியது. ஈ வந்தால் தெரியும், வண்டு வந்தால் தெரியும். இவை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தலையை நிமிர்த்தினால் அங்கே இருக்கும், அவ்வளவுதான்.

பக்கத்தில் குளமோ வாய்க்காலோ எதுவும் இல்லை. தேங்கிய தண்ணீர்கூட இல்லை. எதைத் தேடி வருகின்றன என்று எனக்கு அப்போது புரியவில்லை.

தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், காலை பதினோரு மணி இருக்கும். வாசலில் குரல் கேட்டது.

"ஏனுங்க, ஊட்டுல யாருங்க?"

கேட்டுக்கு வெளியே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தார். வெளுத்த நூல்சேலை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கையில் ஒரு சின்னத் தூக்குப்போசி.

"என்னங்க வேணும்?" என்றேன், கேட்டைத் திறக்காமலே.

"ஒண்ணுமில்லீங்க அம்மணி. ஒரு அஞ்சு நிமிசம் பொடக்காளிப் பக்கம் போயிட்டு வந்துர்றனுங்க. ஊட்டுக்குள்ள வர மாட்டனுங்க. எதையும் தொட மாட்டனுங்க."

"எதுக்குங்க?"

அவர் தூக்குப்போசியை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "சும்மா கும்பிட்டுட்டுப் போயிர்றனுங்க. வருசா வருசம் வருவனுங்க. போன வருசம் அஸ்திவாரத்துக்குத் தோண்டிப் போட்டிருந்தாங்க. அந்தக் குழிக்குள்ளயே எறங்கி நின்னு கும்பிட்டுட்டுப் போனனுங்க."

வீட்டில் தனியாக இருக்கும் பெண்களை ஏமாற்றி உள்ளே நுழைகிறவர்களைப் பற்றிய எச்சரிக்கைகள் அந்த வாரம்தான் எங்கள் மனைப்பிரிவு வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்தன. இடுப்பில் குழந்தை வேறு.

"ஊட்டுக்காரர் இல்லீங்க. இன்னொரு நாளைக்கு வாங்க," என்றேன்.

"இன்னைக்குத்தானுங்க நாளு," என்றார் அவர். கெஞ்சலாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாத ஒரு தகவலை எடுத்துச் சொல்வது போலச் சொன்னார்.

நான் கதவைச் சாத்திவிட்டேன். ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தபோது அவர் எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். தூக்குப்போசியிலிருந்து பாலைக் கேட்டின் அடியில் ஊற்றினார். முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ வைத்தார். நெடுநேரம் கழித்து எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். போய்ப் பார்த்தேன். நாலு தேன்மிட்டாய், ஒரு ஜோடி கண்ணாடி வளையல். வளையல் சிவப்பு. என் மகள் கைக்குப் போட்டால் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அந்த அளவு.

யாரோ செய்வினை வைக்கிறார்கள் என்று பயந்து, துடைப்பத்தால் எல்லாவற்றையும் முறத்தில் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். இன்றைக்கும் அந்த வளையல்கள் முறத்தில் உரசிய சத்தம் எனக்கு நினைவிருக்கிறது.

சாயங்காலம் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுபவரிடம் துணி வாங்கப் போனபோது விசாரித்தேன். பல வருடமாக அந்தப் பகுதியில் இருக்கிறவர்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "உங்க ஊடு, அடுத்த ரெண்டு சைட்டு, பொறவு அந்த வேப்பமரம் வரைக்கும் பூராம் குட்டைங்க. மழை பேஞ்சா நாலு மாசம் தண்ணி நிக்கும். சுத்தி இருந்த லைன் ஊட்டுக்காரங்க எல்லாம் அதுலதான் துணி தொவைப்பாங்க. அந்தம்மாவோட புள்ளை அதுலதானுங்க போச்சு. நாலு வயசோ என்னமோ."

கணவர் வந்ததும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். அதிர்ச்சி எதுவும் அவர் முகத்தில் தெரியவில்லை; எரிச்சல்தான் தெரிந்தது.

"எந்த எடத்துலதான் யாரும் சாகல? கோயமுத்தூர்ல பாதிக்கு மேல கொளத்து மேலதான் நிக்குது. இதைப் போயி யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத. நாளைக்கு ஊட்ட விக்கோணும்னா ஒருத்தன் வர மாட்டான்."

"அந்தம்மாளை உள்ள உட்டிருக்கலாம்," என்றேன்.

"உட்டுட்டு? வருசா வருசம் நம்மூட்டுல வந்து ஒப்பாரி வெக்கறதுக்கா?"

அவர் குளிக்கப் போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து அந்த வீடு எனக்கு வேறு வீடாகிவிட்டது. பொடக்காளியில் துணி துவைக்கும்போது என் கால் எத்தனை அடி தண்ணீருக்கு மேலே நிற்கிறது என்று தோன்றும். சுவரில் ஏறும் ஈரம் எந்த மட்டம் வரை வருகிறது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். ஊசித்தட்டான்களைப் பற்றிப் போனில் தேடிப் படித்தேன். அவை தண்ணீருக்குள் நிற்கும் செடித் தண்டைக் கீறி அதற்குள் முட்டை வைக்கும், குஞ்சுகள் மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே வளரும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவரை அவை காற்றில் பிறப்பவை என்பது போலவே நினைத்திருந்தேன். இங்கே குட்டை இல்லாமல் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இந்தத் தட்டான்கள் அந்தக் குட்டையைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனாலும் மழை பெய்தால் வந்துவிடுகின்றன.

அடுத்த வருடம் தீபாவளி கழிந்த மூன்றாம் நாள் காலையிலிருந்தே கேட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கணவர் ஈரோட்டில் இருந்தார். அவரிடம் சொல்லவில்லை.

அதே நேரத்துக்கு வந்தார். திறந்திருந்த கேட்டைப் பார்த்துத் தயங்கி வெளியிலேயே நின்றார்.

"வாங்கக்கா, உள்ள வாங்க," என்றேன். "போன வருசம் தெரியாமப் பண்ணிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க கண்ணு. தெரியாத பொம்பளைய யாருதான் உடுவாங்க?"

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். வழி கேட்கவில்லை. ஈரம் காயாத அந்த மூலைக்கு நேராகப் போய் நின்று, காலால் தரையை ஒருமுறை தடவினார்.

"இங்கதானுங்க தொவைக்கற கல்லு. இந்தால பூராம் கோரை. எம்புள்ளை எனக்குப் பின்னால, அந்தா உங்க தொட்டிக்கொழாய் இருக்குதே, அந்தத் தூரத்துலதான் உக்காந்து வெளையாடிட்டு இருந்துச்சுங்க. தீபாவளிக்கு எடுத்த கவுனுதான் போட்டிருந்துச்சு. கழட்டவே உட மாட்டேன்னு ஒரே அழுகை. ரெண்டு கையில போர்வையப் புடிச்சு முறுக்கிப் புழிஞ்சனுங்க. புழிஞ்சு கல்லுல போட்டுத் திரும்பிப் பாத்தனுங்க. காணமுங்க."

நான் திரும்பித் தொட்டிக்குழாயைப் பார்த்தேன்.

"ஒரு போர்வையப் புழியற நேரமுங்க. அவ்வளவுதானுங்க."

அப்போது கொடிக்கயிற்றிலிருந்து ஒரு ஊசித்தட்டான் இறங்கி வந்து அவருக்கும் எனக்கும் நடுவே மிதந்தது. அவர் சட்டென்று ஓரடி பின்னால் போனார்.

"இது இன்னும் இங்க வருதுங்களா?"

"மழை பேஞ்சா வருதுங்கக்கா."

"அதைப் புடிக்கத்தானுங்க போச்சு," என்றார். "கோரை மேல உக்காந்திருக்கும். எட்டிப் புடிக்கப் போனா அடுத்த கோரைக்குப் போயிரும். அதுக்கடுத்த கோரைக்கு. அப்படியே கூட்டிட்டுப் போயிருச்சுங்க."

பாலை மூலையில் ஊற்றினார். மிட்டாயும் வளையலும் வைத்தார். கண்ணீர் விடவில்லை. போகும்போது, தான் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல் கூடத்துக்கு உதவியாக வேலை செய்வதாகச் சொன்னார். என் மகளைப் பார்த்தார், தூக்கவில்லை. "பாப்பாளப் பத்தரமாப் பாத்துக்கங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஒரு போர்வையை நனைத்துப் பிழிந்து பார்த்தேன். போனில் நேரம் வைத்துக்கொண்டு பிழிந்தேன். அது எவ்வளவு என்று இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பிறகு எந்த வேலையைச் செய்தாலும் அந்த அளவுகோலை வைத்தே பார்க்க ஆரம்பித்தேன். அரிசி களைவது ஒரு போர்வை. கம்பெனியிலிருந்து வரும் போன் நாலு போர்வை, ஐந்து போர்வை. குளிக்கப் போனால் கதவைத் தாழிடுவதில்லை. மேஜையை நகர்த்திப் பொடக்காளி தெரியும் ஜன்னலோரம் போட்டுக்கொண்டேன். மகள் அங்கே விளையாடும்போது என் கை வரைந்துகொண்டிருக்கும், கண் வெளியே இருக்கும். ஒருமுறை பம்புக் கூட்டின் குறுக்களவைத் தப்பாகப் போட்டு, வார்ப்புக்குப் போகும் முன் யாரோ கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். என் பதினான்கு வருட வேலையில் அப்படி நடந்ததே இல்லை.

இவ்வளவு பயந்த நான்தான் அடுத்த ஆடியில் பொடக்காளியில் ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால், பாவம் தட்டான்கள் என்று சொல்லியிருப்பேன். காய்ந்த தரையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, முட்டை வைக்க இடமில்லாமல் கொடிக்கயிற்றில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஏதோ ஒன்றைச் சரி செய்கிறேன் என்ற நினைப்பும் உள்ளே இருந்திருக்கும். முழங்கால் உயரத்தில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. நர்சரியிலிருந்து ஒரு அல்லிக் கிழங்கு.

"கொழந்தை இருக்கற ஊட்டுல தண்ணித் தொட்டியா?" என்றார் கணவர். கம்பி வலையில் ஒரு மூடி செய்து கொண்டுவந்தார். மூடி போட்டால் தட்டான்கள் உள்ளே போக முடியாது. அதனால் பகலில், நான் ஜன்னலோரம் இருக்கும் நேரத்தில், மூடியை எடுத்துச் சுவரில் சாத்தி வைப்பேன். அவர் வருவதற்குள் திரும்பப் போட்டுவிடுவேன்.

பத்து நாளில் வந்துவிட்டன. ஆண் தன் வால் நுனியால் பெண்ணின் கழுத்தைக் கவ்விக்கொண்டு, நட்டு வைத்த குச்சி போல அதன்மேல் செங்குத்தாக நிற்கும். பெண் அல்லித் தண்டில் உட்கார்ந்து உடம்பை வளைத்து, தையல் ஊசியைக் குத்துவது போல விட்டு விட்டுக் குத்தி முட்டை வைக்கும். கொசுப்புழு பார்க்க வீடு வீடாக வரும் பெண்கள் டார்ச் அடித்துத் தேடிவிட்டு, "ஒரு புழுகூட இல்லீங்களே, என்ன ஊத்தினீங்க?" என்று கேட்டார்கள். தட்டான் குஞ்சுகள் தின்றுவிடும் என்றேன். நம்பாமல் போனார்கள்.

புரட்டாசியில் ஒரு காலை, அல்லித் தண்டில் ஏறி நின்ற ஒரு குஞ்சின் முதுகு வெடிப்பதை நானும் மகளும் பார்த்தோம். வெளுத்துத் துவண்ட ஒன்று வெளியே வந்தது. இறக்கை கசங்கிய காகிதம் போல இருந்தது. அரை மணியில் நிமிர்ந்து, தள்ளாடிப் பறந்து, மதிலைத் தாண்டிப் போய்விட்டது. தண்டில் காலிச் சட்டை மட்டும் பிடிப்பை விடாமல் நின்றது.

"அது செத்துப்போச்சா, பறந்து போச்சா?" என்று மகள் கேட்டாள்.

பறந்துவிட்டது என்றேன். அவள் அந்தச் சட்டையைக் காட்டி, "அப்ப இது யாரு?" என்றாள்.

மூன்றாவது வருடம் அந்த அம்மா வந்தபோது என் மகளுக்கு நாலு வயது ஆகப்போகிற சமயம். வாசலில் அவரை வரவேற்று, "பின்னாடி போயிட்டு இருங்கக்கா, காப்பி கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். மகள் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். தொட்டியின் மூடி சுவரில் சாய்ந்திருந்தது. நான் ஜன்னலோரம் இல்லை. இந்த மூன்றையும் சேர்த்து அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை.

பால் பொங்கி வரும்போது பின்பக்கம் தடாலென்று ஒரு சத்தம். அதற்கு மேல் மகளின் அலறல்.

ஓடினேன். தொட்டி கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் தரை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஈரத்தரையில் உட்கார்ந்து என் மகளை மாரோடு இறுக்கிப் பிடித்திருந்தார். மகள் திமிறித் திமிறி அழுதாள். அவள் கவுனின் முன்பக்கமும் இரண்டு கைகளும் முழங்கை வரை நனைந்திருந்தன. வேறெங்கும் நனையவில்லை.

"எட்டிப் புடிக்கப் போச்சுங்க," என்றார் அவர். மூச்சு வாங்கியது. "எலை மேல உக்காந்திருந்துச்சுங்க அது. ரெண்டு காலும் தரைய உட்டு மேல வந்திருச்சுங்க. தலை உள்ள போயிருக்குமுங்க. நான் இழுத்த இழுப்புல தொட்டி கவுந்துருச்சுங்க."

பிறகு குரல் உயர்ந்தது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"தண்ணிய எதுக்குங்க வெச்சீங்க? இங்க போயி, இந்த எடத்துல போயி, எதுக்குங்க தண்ணிய வெச்சீங்க?"

மகளை வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீயும் வாசம் வந்தது. எழுந்து அணைக்கப் போக எனக்குத் துணிவில்லை. அவர்தான் போய் அணைத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்தவர் தரையைப் பார்த்து நின்றுவிட்டார். வடிந்துகொண்டிருந்த தண்ணீரில் ஏழெட்டு இடத்தில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. மூன்று இலைபோல் பிரிந்த வால், பெரிய கண், மங்கிய கண்ணாடி போன்ற உடம்பு.

"இதென்னுங்க, மீன் குஞ்சுங்களா?"

"ஊசித்தட்டான் குஞ்சுங்கக்கா. தண்ணிக்குள்ளதான் பொறக்கும். வளந்தப்புறம் மேல ஏறி வந்து தோலை உரிச்சுட்டுப் பறந்து போயிரும்."

அவர் குனிந்து பார்த்தார். "தண்ணிக்குள்ள இருந்தா வருது?"

"ஆமாங்க."

"இத்தனை வருசமா நான் வெளிய இருந்து வந்துதுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க," என்றார்.

எழுந்து போய்க் குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் குவளையை எடுத்துவந்தார். மிச்சத் தண்ணீரைப் பிடித்து, ஒவ்வொரு குஞ்சாக உள்ளங்கையில் ஏந்தி அதற்குள் விட்டார். பதினொன்று தேறியது. சாக்கடை வாய்க்குள் போனது எத்தனையோ தெரியாது.

"இதுகள எங்காச்சும் கொண்டுபோயி உட்டுரோணுமுங்க. எனக்காகச் சாக வேண்டாம்."

ஸ்கூட்டரில் மகளை முன்னால் நிறுத்திக்கொண்டேன். அவர் பின்னால் குவளையை இரண்டு கையாலும் மூடிப் பிடித்து உட்கார்ந்தார். குறிச்சிக் குளத்துக்குப் போனோம். நடைபாதையும் கைப்பிடிக் கம்பியும் இருக்கும் பக்கத்தை விட்டு, மேடு சரிந்து கோரை முளைத்திருக்கும் ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். அவர் கீழே இறங்கினார், ஆனால் நகரவில்லை.

"கொடுங்கக்கா, நான் உட்டுட்டு வாரேன்."

"வேண்டாமுங்க. நீங்க பாப்பா கையப் புடிச்சுக்கங்க."

குட்டையில் அது நடந்த பிறகு வேறு எந்தக் குளத்தின் கரைக்கும், எந்த ஆற்றுப் படிக்கும் தான் போனதில்லை என்று பின்னால் சொன்னார். அன்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கி, கணுக்கால் நனையும் வரை போனார். குவளையைச் சாய்த்தார். பிறகும் அங்கேயே நின்றார்.

அவருக்கு முன்னால் ஒரு கோரைத் தண்டில் ஒரு ஜோடி இருந்தது. எங்கள் வீட்டுக்கு வருபவை போல மஞ்சள் இல்லை, நீலம். பெண் பின்னோக்கித் தண்டு வழியாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வால், வயிறு, இறக்கை, தலை. கவ்விப் பிடித்திருந்த ஆணும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. தண்ணீருக்குள் இரண்டும் வெள்ளி பூசியது போல மினுங்கின. உடம்பைச் சுற்றி ஒட்டிய காற்று அது.

"அம்மணி," என்று திரும்பாமலே கூப்பிட்டார். "ரெண்டும் உள்ள போயிருச்சுங்க."

"முட்டை வெக்கப் போவும்க்கா. மேல வந்துரும்."

"எந்நேரமாகும்?"

"கால் மணி, அரை மணிகூட ஆகுமாம்."

"அவ்வளவு நேரமா?"

அவர் நின்றார். நாங்களும் நின்றோம். மகள் என் கையைப் பிடித்திருந்ததால் எனக்கு வலித்ததா, நான் பிடித்திருந்ததால் அவளுக்கு வலித்ததா தெரியவில்லை. "விடும்மா" என்று இரண்டு முறை சொன்னாள். வெகுநேரம் கழித்துத் தண்ணீர் மட்டத்தில் ஒன்று மேலே வந்து, இறக்கையை உதறி, தண்டில் ஏறி உட்கார்ந்தது. ஆண் மட்டும். பெண் கீழேயே இருந்தது.

வெயில் ஏறியது. மகள் பசி என்று அழ ஆரம்பித்தாள். ஒரு காற்று வந்து தண்ணீரைக் கலக்கியதில் உள்ளே தெரிந்த மினுக்கமும் மறைந்துவிட்டது. அவர் குனிந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு தேடினார்.

"போலாங்கக்கா, பாப்பா அழுவுது," என்றேன்.

"ஆமாமுங்க. பாவம், பசிக்கும்," என்று உடனே மேலே ஏறி வந்தார். வண்டியில் ஏறும்போது ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கல்யாண மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டேன். காலிக் குவளையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

அன்று கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூடியை எடுத்து வைத்ததையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டவில்லை. பொடக்காளிக்குப் போய், கவிழ்ந்த தொட்டியை நிமிர்த்தாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போய் எங்கோ போட்டுவிட்டு வந்தார். பிறகு தூங்கிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். வெகுநாள் அவர் வெளியூரில் தங்கும் பயணங்களைக் குறைத்துக்கொண்டார். காரணம் கேட்டால் மூட்டுவலி என்றார்.

அடுத்த வருடம் அந்த அம்மா வரவில்லை. நாள் முழுக்கக் கேட்டைத் திறந்து வைத்திருந்தேன். ஊசித்தட்டான்கள் வந்தன. இருட்டும் வரை அவர் வரவில்லை. மறுநாள் மண்டபத்துக்குப் போய் விசாரித்தேன். அவருடைய மகன் சென்னிமலையில் பெட்ஷீட் கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், அவர் அங்கே போய்விட்டதாகவும் சொல்லி, ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள்.

"நாந்தானுங்க, மதுக்கரை ரோட்டு ஊடு," என்றேன்.

"சொல்லுங்க கண்ணு. பாப்பா சௌக்கியமா?"

"நல்லா இருக்காளுங்க. நேத்து வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

"இனி வர மாட்டனுங்க," என்றார். "போன வருசம் உங்க பாப்பாளைப் புடிச்சுத் தூக்கினன் பாருங்க, அப்ப என்ற கைக்கு ஒண்ணு தெரிஞ்சுதுங்க. எம்புள்ளையோட எடை எனக்கு மறந்துபோச்சு. உங்க பாப்பா எடைதான் கைல நிக்குது. அதுக்கப்பறம் அங்க வந்து என்னத்தங்க கும்பிடறது?"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா."

"வெசனமாச் சொல்லலீங்க. உள்ளதச் சொல்றேன். எம்புள்ளை உங்க ஊட்டுலதான இருக்குது. நீங்க தெனமும் அங்க பொழங்கறீங்க. இனி நீங்களே பாத்துக்கங்க." பிறகு, பேச்சை மாற்றுகிறவர் போல, "பாப்பாளுக்கு நீச்சல் பழக்கி உடுங்க. அது ரொம்ப முக்கியமுங்க," என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை அழைத்தேன். மகன்தான் எடுத்தார். அம்மா வேலையாக இருக்கிறார் என்றார்.

நாங்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். நடுவில் ஒருமுறை விற்கப் பார்த்தோம். ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து எல்லாம் பேசி முடியும் நிலையில், அந்த வீட்டுப் பெண் ஒரு கைக்குழந்தையோடு பொடக்காளியைப் பார்க்க வந்தாள். நான் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவர்கள் திரும்ப வரவில்லை. கணவர் அதைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மகளுக்கு இப்போது எட்டு வயது. சனி, ஞாயிறு காலையில் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போகிறேன். மற்ற அம்மாக்கள் நிழலில் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள், என்னையும் கூப்பிடுவார்கள். நான் நீச்சல் குளத்தின் விளிம்பில், செருப்பைக் கழற்றிவிட்டு, அவள் நீந்தும் பக்கமாகவே நடந்துகொண்டிருப்பேன். சொல்லிக் கொடுக்கும் பெண் முதலில் கேலி செய்தாள், இப்போது விட்டுவிட்டாள். போன வாரம் மகள் ஆழமான பக்கத்தில் முதல்முறையாக முழுக்குப் போட்டு, அடியில் கிடந்த ரப்பர் வளையத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். மேலே வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நான் நின்ற பக்கம் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் கையை ஆட்டினேன். வேறு யாரும் இன்னும் மேலே வர வேண்டியிருக்கிறதா என்று, அவளுக்குப் பின்னால் இருந்த தண்ணீரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.